கிணற்றுத் தவளையின் உலகப் பயணம்

உலக அறிவு இல்லாதவனைக் ‘கிணற்றுத் தவளை’ என்று இகழ்வது நம்மவர் வழக்கம். பிறந்த நீர்நிலையை விட்டு அகலாத பிராணி தவளை என்னும் எண்ணமே இவ்வழக்குக்கு அடிப்படை. ஆயினும் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தவளைகள் மலை கடந்தும் கடல் கடந்தும் கண்டம்விட்டுக் கண்டம் சென்றிருக்கின்றன. அவை தாமாகப் புறப்பட்டுப் போகவில்லை. மனிதனே அவற்றைக் கூடையில் வைத்தும் பெட்டியில் அடைத்தும் கொண்டுபோனான். கொண்டுபோன இடத்தில் அவை செய்த காரியங்களைக் கண்டு இன்று விஞ்ஞானிகள் கவலையோடு கணக்கெடுத்து வருகிறார்கள்.

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் நமக்குத் தவளை அறிமுகமற்ற பிராணியன்று. வராகப் பெருமான் திருக்கோயிலும் அதன் பெரிய குளமும் நம் வட்டாரத்தின் அடையாளங்கள். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்நகரின் குளக்கரைகளிலும் தோப்புப் பள்ளங்களிலும் தவளைக் கச்சேரி தொடங்கிவிடும். அக்கச்சேரியில் மிகக் கனத்த குரல் நம் நாட்டுப் பெருந்தவளையுடையது. அந்தக் காலத்தில் விலங்கியல் படித்த நேயர்கள் கல்லூரியில் மெழுகுத் தட்டின்மேல் கண்ட தவளையும் இதுவே. இதற்கு அமெரிக்காவிலே ஓர் ஒத்த உருவம் உண்டு. அவ்விரண்டின் கதையையும் சேர்த்துப் படித்தால் நம் வீட்டுக்கும் குளத்துக்கும் வேண்டிய ஒரு பாடம் கிடைக்கிறது. அதனைச் சங்கத்துக் குடும்பங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் காளைத் தவளை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியே இத்தவளையின் தாயகம். ஆண் தவளை எழுப்பும் குரல் தொலைவிலே காளை கத்துவது போல் ஒலிப்பதால் அந்நாட்டார் அதற்குக் காளைத் தவளை என்று பெயரிட்டனர். நன்கு வளர்ந்த தவளையின் உடல், கால்களை நீக்கி அளந்தாலே, 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். எடை அரைக் கிலோவையும் தாண்டும். ஒரு பெண் தவளை ஒரே தடவையில் 20,000 முட்டைகள் வரை இடக்கூடும். குளிர்ந்த வட பகுதிகளில் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். வெப்பமான நீரிலோ சில மாதங்களே போதும்.

உணவு விஷயத்தில் இதற்கு விருப்பு வெறுப்பு கிடையாது. வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரையே. பூச்சி, நண்டு, மீன், எலி, சிறு பறவை, சிறு பாம்பு என யாவற்றையும் விழுங்கும். தன் இனத்துக் குஞ்சையும் விடாது. இத்தகைய பிராணிக்குத் தாயகத்திலே கட்டுப்பாடு உண்டு. அதனைத் தின்னும் மீன், ஆமை, நாரை, முதலை ஆகியவை அங்கே காலங்காலமாகக் கூடவே வாழ்கின்றன. அங்குள்ள சிறு தவளைகளும் அதனிடமிருந்து தப்பும் வழியைப் பழகியிருக்கின்றன. இக்கட்டுப்பாடுகள் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேரும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

பயணம் தொடங்கிய விதம்

கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேட்டு 1849-ஆம் ஆண்டு முதல் மக்கள் வெள்ளம் போல் அங்கே சென்றது வரலாறு. சென்றவர்கள் அங்கே வாழ்ந்த சிவந்த கால்களையுடைய தவளையைப் பிடித்து உண்ணலாயினர். சான் பிரான்சிஸ்கோ உணவு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தவளைகள் சென்றன. சில பத்தாண்டுகளில் அந்தத் தவளை அருகிப் போயிற்று. உள்ளூர்ச் சரக்கு தீர்ந்தவுடன் வியாபாரிகள் கிழக்கிலிருந்து காளைத் தவளையை வருவித்தனர். அது 1896-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. உண்டு தீர்த்ததால் நலிந்து நின்ற உள்ளூர்த் தவளைக்கு, புதிதாக வந்த பெருந்தவளை இரண்டாம் இடியாக வாய்த்தது.

ஜப்பான் கதை இதனினும் விசித்திரமானது. தோக்கியோவைச் சேர்ந்த பேராசிரியர் வதாசே என்பவர் நாட்டு மக்களின் உணவுக்கென்று 1918-இல் காளைத் தவளையை இறக்குமதி செய்வித்தார். பண்ணையில் வளர்த்த தவளைக்குத் தீனி வேண்டுமல்லவா? அதற்காக 1927-இல் அமெரிக்காவிலிருந்து சிவப்பு நன்னீர் நண்டிறால்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவை சுமார் 20 மட்டுமே. தவளைகள் பண்ணையிலிருந்து தப்பின. தீனிக்கு வந்த இறால்களும் தப்பின. இன்று இரண்டும் ஜப்பானிய வயல்களிலும் குளங்களிலும் பரவிக் கிடக்கின்றன. காளைத் தவளையை 2006-இல் அந்நாட்டு அரசு சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அந்த இறாலை விற்பதையும் வெளியே விடுவதையும் 2023-இல் தடுத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த விழிப்பு அது!

பிரேசிலுக்கும் இத்தாலிக்கும் இத்தவளை 1930-களில் சென்றது. பின்னர்ச் சீனா, கொரியா முதலிய நாடுகளிலும் பண்ணைகள் எழுந்தன. எங்கே பண்ணை வைத்தார்களோ அங்கெல்லாம் சில தவளைகள் வேலி தாண்டின. உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் நூறு அயலினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் வெளியிட்ட தடைப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கண்ணுக்குத் தெரியாத துணைவன்

பிற தவளைகளைத் தின்பது இத்தவளை செய்யும் தீங்கில் பாதிதான். மற்றப் பாதி கண்ணுக்குப் புலப்படாதது. தவளைகளின் தோலைத் தாக்கும் ஒரு நுண்ணிய பூஞ்சையை 1999-இல் விஞ்ஞானிகள் பெயரிட்டு விவரித்தார்கள். தவளைக்குத் தோல் வெறும் போர்வையன்று. அதன் வழியாகவே அது நீரையும் உப்பையும் ஈர்த்துக்கொள்கிறது. ஓரளவு மூச்சும் விடுகிறது. எனவே தோல் கெட்டால் உயிர் கெட்டது. இப்பூஞ்சையால் குறைந்தது 501 வகை நீர்நில வாழ்வன குறைந்துபோயின என்றும், அவற்றுள் 90 வகைகள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான உலகளாவிய ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது.

அமெரிக்கக் காளைத் தவளைக்கு இப்பூஞ்சையால் பெரும்பாலும் மரணம் நேர்வதில்லை. தான் வாடாமல் நோயைச் சுமந்து திரிய அதனால் முடிகிறது. ஆகவே உணவுக்கென விற்கப்படும் உயிர்த் தவளை, தான் போகும் ஊரெங்கும் நோய்க்கு வண்டியாகவும் அமைந்துவிடுகிறது. இப்பூஞ்சை நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. இங்கே அமெரிக்க நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டது போன்ற பேரழிவு காணப்படவில்லை என்பது ஆறுதல். எனினும் இம்மலையின் தவளைச் செல்வத்தை எண்ணினால் அலட்சியம் கூடாது என்பது விளங்கும். கொல்லம் மாவட்டத்துக் கடைக்கலில் பிறந்து, நம் மாவட்டத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டாக்டர் எஸ். டி. பிஜு, பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி பிராங்கி போசுய்ட்டுடன் சேர்ந்து, மண்ணுக்கடியில் வாழும் ஊதாநிறத் தவளையை 2003-இல் உலகுக்கு அறிவித்தார். மிகத் தொன்மையான மரபைச் சேர்ந்த அத்தவளை இம்மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

நஞ்சு கலந்த நீரில்

இவ்வளவு வன்மை படைத்த காளைத் தவளையையும் வளைத்து ஒடிக்கும் பகை ஒன்று உண்டு. அது மனிதன் நீரில் கலக்கும் கழிவு. இதனை விளக்கிய ஆராய்ச்சிகளுள் முக்கியமானது அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவானா ஆற்றங்கரையில் 1990-களில் நடந்தது. அங்கே நிலக்கரியை எரிக்கும் மின் நிலையம் ஒன்றின் சாம்பலை நீரோடு கலந்து குட்டைகளில் தேக்கி வைத்தார்கள். அச்சாம்பலில் ஆர்சனிக், செலீனியம், காட்மியம் முதலிய நச்சுப் பொருள்கள் இருந்தன.

அந்தக் குட்டைகளில் வளர்ந்த காளைத் தவளைத் தலைப்பிரட்டைகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தனர். தலைப்பிரட்டையின் வாயில் பாசியைச் சுரண்டுவதற்குச் சீப்புப் போன்ற பல் வரிசைகள் உண்டு. சாம்பற் குட்டையில் வளர்ந்தவற்றில் பலவற்றுக்கு அவ்வரிசைகள் சிதைந்திருந்தன. சிலவற்றில் முற்றிலும் இல்லை. பல் இல்லாத பிரட்டை பாசியைச் சுரண்டி உண்ண முடியாமல் வளர்ச்சி குன்றியது. வேறு பலவற்றுக்கு முதுகும் வாலும் வளைந்திருந்தன. அவை நேராக நீந்த மாட்டாமல் வட்டமிட்டன, வேகமும் குறைந்தது, பகை வந்தபோது எளிதில் அகப்பட்டன. நஞ்சு அவற்றை நேரே கொல்லவில்லை. உண்ணவும் ஓடவும் இயலாதபடி செய்து, பசிக்கும் பகைக்கும் இரையாக்கிற்று. நீரில் தலைப்பிரட்டை உயிரோடு துள்ளுகிறது, ஆகவே நீர் நல்ல நீர் என்று முடிவு கட்டுவது பிழை என்பதை இவ்வாராய்ச்சி உணர்த்தியது.

சாம்பல் தொலைவான அமெரிக்கச் சங்கதி என்று நாம் இருந்துவிடக்கூடாது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது பற்றி மீனவர்கள் நெடுநாள் முறையிட்டு வந்ததையும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதையும் நேயர்கள் அறிவார்கள். இந்தக் கேரளத்திலேயே காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் இறுதியிலிருந்து 2000 வரை விமானத்திலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அம்மருந்தை நாடு முழுவதும் நிறுத்தி வைக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. அங்கே மனிதர் பட்ட துன்பம் உலகறிந்தது.

நம் தவளையின் கதை

அமெரிக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இனி நம் சொந்தப் பெருந்தவளைக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் நடந்த அதே நாடகம் நம் கண்ணெதிரே நடந்தேறியது.

தவளைக் காலை விரும்பி உண்போர் பிரான்சிலும் பிற மேல்நாடுகளிலும் மிகுதி. அவர்களுக்காக 1950-களிலிருந்து கொச்சி முதலிய துறைமுகங்களின் வழியாக உறைந்த தவளைக் கால்கள் கப்பலேறின. மழைக்கால இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குப் பையுமாக வயலில் இறங்கித் தவளை பிடிப்பது பல ஏழைக் குடும்பங்களுக்கு வருமானமாயிற்று. ஏற்றுமதி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டன் கால்கள் நாட்டை விட்டுச் சென்றன. ஒரு டன் காலுக்கு எத்தனை தவளை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பு உண்டாகும். தவளை குறைந்தால் வயலில் பூச்சியும் நண்டும் பெருகும், பூச்சி பெருகினால் மருந்துச் செலவும் பெருகும் என்று அறிஞர்கள் எடுத்துரைத்தனர். இறுதியில் இந்திய அரசு 1987-இல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வியாபாரம் நிற்கவில்லை; இடம் மாறி இந்தோனேசியாவுக்குச் சென்றது.

இங்கே வேட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் வயல் தூர்ப்புக்கும் இலக்கான இதே தவளை, இன்னோர் இடத்தில் எவ்வாறு இருக்கிறது தெரியுமா? நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் அந்தமான் தீவுகளில் அது அடக்க முடியாத அயலினமாகிவிட்டது! இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அத்தீவுகளில் அது தலைகாட்டியது. 2009-க்குப் பின் மிக விரைந்து பரவிற்று. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நித்ய பிரகாஷ் மொகந்தி, ஜான் மீசி ஆகிய ஆய்வாளர்கள் தீவுக் கிராமங்களில் மக்களிடமே விசாரித்து, எந்த ஊருக்கு எந்த ஆண்டு தவளை வந்தது என்று வரலாறு தொகுத்தார்கள். வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து தலைப்பிரட்டைகளும் ஊர் ஊராகச் சென்றது அப்போது தெரியவந்தது.

பின்னர் அவர்கள் ஒரு சோதனை செய்தனர். தீவுக்கே உரிய சிறு தவளைகளின் பிரட்டைகளையும் நம் பெருந்தவளையின் பிரட்டைகளையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தனர். நம் தவளையின் பிரட்டை புலால் உண்ணி. தீவுத் தவளைப் பிரட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இச்செய்தி 2019-இல் வெளியாயிற்று. வளர்ந்த தவளைகள் பல்லியையும் சிறு பாம்பையும் விழுங்குவதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். தங்கள் கோழிக்குஞ்சுகளை அது கவர்வதாகத் தீவு மக்கள் கூறினர். மடகாஸ்கர்த் தீவின் வடமேற்கிலும் நம் தவளை இவ்வாறே புகுந்து பரவியிருக்கிறது.

ஆகவே ‘நல்ல தவளை’, ‘கெட்ட தவளை’ என்று இனம் பிரிப்பதில் பொருளில்லை. தஞ்சை வயலிலும் குட்டநாட்டு வயலிலும் உழவனுக்குத் தோழனாகிய தவளையே போர்ட் பிளேயரில் தொல்லையாகிறது. அமெரிக்கத் தவளையும் தன் ஊரில் ஒழுங்காகவே வாழ்கிறது. குற்றம், பின்விளைவை எண்ணாமல் அதனைத் தூக்கிச் சென்ற கையினுடையது.

நமக்கு இதிலென்ன?

‘அமெரிக்கத் தவளை நம் குளத்தில் இல்லையே, பின் ஏன் இந்தக் கவலை?’ என்று சிலர் கேட்கலாம். தவளைக்குப் பதிலாக வேறு விருந்தாளிகள் நம் நகருக்கு வந்துவிட்டனர். கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் தின்பதற்கென்று வாங்கும் தென் அமெரிக்கக் கவச மீன், திருவனந்தபுரத்து ஆமையிழஞ்சான் தோட்டின் கழிவுநீரில் பெருகி வாழ்வதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் மீன்கள் மூச்சு முட்டிச் சாகும் நீரில் அது சுகமாக வாழ்கிறது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் அமேசான் நதிக்குரிய அரபைமா என்னும் பெருமீன் வலையில் விழுந்தது. வளர்ப்புக் குளங்களை வெள்ளம் அடித்துச் சென்றதன் விளைவு அது. காதோரம் சிவப்புக் கோடுடைய அமெரிக்க ஆமைக்குட்டியைக் குழந்தைகளுக்கு விளையாட்டுக்கு வாங்கிக் கொடுத்து, அது தட்டளவு வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடுவோரும் இருக்கின்றனர்.

இங்கே மாசும் அயலினமும் கைகோத்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். தெளிந்த நீரில் பலவகை உயிர்கள் போட்டியிட்டு வாழ்கின்றன. புதியவனுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. சோப்பும் எண்ணெயும் சாக்கடையும் கலந்து நீர் கெடும்போது உள்ளூர் உயிர்கள் முதலில் விலகுகின்றன. காலியான வீட்டில் எதையும் தாங்கும் அயலினம் குடியேறுகிறது. ஆகவே குளத்தைத் தூய்மையாக வைப்பது படையெடுப்பைத் தடுக்கும் மதிலும் ஆகும்.

ஒரு வார்த்தை இடையே சொல்லியாக வேண்டும். ‘அயலினம்’, ‘வந்தேறி’ என்னும் சொற்களை உயிர்நூலில் படிக்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு மனத்தில் சற்றே உறுத்தல் தோன்றுவது இயல்பு. சிலர் இச்சொற்களை மனிதர்மேல் ஏற்றிப் பேசுவதும் உண்டு. அது அறிவுடைமை ஆகாது. மனிதர் யாவரும் ஒரே இனம். சென்ற ஊரின் மொழியைக் கற்கவும், சட்டத்தை மதிக்கவும், அண்டை வீட்டாரோடு கூடி உழைக்கவும் வல்லவர். தவளைக்கு அவ்வாற்றல் இல்லை. அது தன் இயல்புப்படிதான் நடக்கும். நாம் வந்து சேர்ந்த ஊரின் நீரையும் நிலத்தையும் பேணுவது நம் கடமை என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பொருள்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

வந்தபின் விரட்டுவது எவ்வளவு அரிது என்பதற்கு அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கே சான்று. அங்கே 1950-களில் ஒரு விடுதியின் அலங்காரக் குளத்தில் புகுந்த காளைத் தவளை பள்ளத்தாக்கெங்கும் பரவிற்று. ஊழியர்கள் இரவிரவாக விளக்கோடு சென்று தவளையையும் பிரட்டையையும் முட்டையையும் பல்லாண்டுகள் அகற்றிய பிறகே, 2019-இல் அவ்விடம் காளைத் தவளை அற்றதாயிற்று. ஒருகாலத்தில் அங்கே வாழ்ந்து மறைந்த சிவந்த கால் தவளையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டார்கள். அது இன்று அங்கே இனம் பெருக்கி வாழ்கிறது. அரிதேனும் இயலாத காரியம் அன்று என்பதும் இதனால் விளங்கும். ஆனால் வராமல் தடுப்பதற்கு அவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவை சிலவே. வளர்ப்பு மீனோ ஆமையோ வேண்டாதபோது, புண்ணியம் என்று கருதிக் கோயிற் குளத்திலோ தோட்டிலோ விடாதிருக்க வேண்டும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்பும் வேறொருவருக்குத் தரலாம். தொட்டி நீரையும் பாசியையும் சாக்கடையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றலாம். கிணற்றில் விடுவதற்கு மீன்குஞ்சு வாங்கினால், அதனோடு வேறு பிரட்டைகள் கலந்திருக்கின்றனவா என்று பார்த்து விடலாம். அந்தமானில் உறவினர் உள்ளவர்கள் இவ்விஷயத்தை அவர்களுக்கும் எழுதலாம். பூசைக்குப் பின் மிஞ்சும் பூவையும் நெகிழிப் பையையும் குளத்தில் எறியாமலும், முற்றத்துப் புல்லுக்கு மருந்து தெளிக்காமலும் இருந்தால், கொசுவைத் தின்ன வரும் தவளைக்கும் தட்டானுக்கும் நாம் செய்யும் உதவியாகும்.

குழந்தைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுக்கலாம். முதல் மழை பெய்த இரவில் பெற்றோருடன் குளக்கரைக்குச் சென்று, எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். எலுமிச்சை மஞ்சள் நிறம் பூண்டு, தாடையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும் ஆண் பெருந்தவளையை ஒருமுறை கண்ட குழந்தை அதனை மறக்காது. ஆண்டுதோறும் அக்குரல்களை எண்ணிக் குறித்து வைத்தால் நம் குளத்தின் உடல்நிலைக் குறிப்பாக அது அமையும். குரல் குறைந்தால் எங்கோ கோளாறு என்று பொருள்.

நீரில் ஆழ்ந்த பூமியைக் கொம்பில் ஏந்தி மீட்ட பெருமானின் பெயரால் விளங்கும் ஊர் இது. பூமி முழுவதையும் மீட்கும் வன்மை நமக்கு இல்லை. நம் தெருக்கோடியிலுள்ள ஒரு குளத்தைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வன்மை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. தவளை கிணற்றிலேயே இருக்கட்டும். கிணற்று நீர் நல்ல நீராக இருக்கட்டும்.